புல்லுக்கும் ஓர் ஓய்வு

தில்லிக்கு வந்து முப்பது குளிர்காலம் கண்டாகிவிட்டது. ஆனாலும் தை மாதச் சங்கடஹர சதுர்த்தி வந்தால் வீட்டில் அதே புலம்பல்தான். "ஏங்க, அருகம்புல்லெல்லாம் காஞ்சு வைக்கோலாக் கெடக்கே, பிள்ளையாருக்கு என்ன பண்றது?" காலனிப் பூங்காவின் மாலி ஒருநாள் சிரித்துக்கொண்டே சொன்னார்: "மாதாஜி, தூப் சாகல. தூங்குது."

வடக்கே தூப் என்பதும், ஆங்கிலத்தில் பெர்முடா என்பதும் நம் அருகம்புல்லைத்தான். வெப்ப நாட்டு கோல்ஃப் மைதானங்கள் பலவற்றில் பச்சைக் கம்பளமாக விரிந்திருப்பதும் இதன் இனமே. அப்படியானால் இவ்வளவு பெரிய மைதானங்களைக் குளிருக்கு எப்படித் தயார் செய்கிறார்கள்? தேடிப் படித்தபோது, வழி ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் என்ற கடலோர ஊருக்குக் கொண்டுபோய் விட்டது.

அங்குள்ள மணற்பாங்கான புல்தரை ஊருக்குப் பொதுவானது. அதில் கோல்ஃப் ஆடும் உரிமை ஊராருக்கு உண்டு என்பதைப் பேராயர் ஜான் ஹாமில்டனின் 1552ஆம் ஆண்டுச் சாசனமே ஒப்புக்கொள்கிறது. 1852இல் ரயில் வந்தது; வெளியூர்க் கூட்டமும் பெருகியது. பொதுச்சொத்து என்றால் நடப்பது தெரியாதா? எல்லாரும் மிதித்தார்கள், புல் தேய்ந்தது.

1864இல் அங்கிருந்த ராயல் அண்ட் ஏன்ஷியன்ட் கிளப், தரையைக் காக்க டாம் மாரிஸ் என்பவரை அழைத்தது. 1821இல் அதே ஊரில் பிறந்தவர். ஓபன் போட்டியில் நான்கு முறை வென்றவர். ஆனாலும் அவருடைய அன்றாட வேலை மண்வெட்டியும் தள்ளுவண்டியும்தான். முன்பு பிரெஸ்ட்விக் மைதானத்தில் வேலை பார்த்தபோது, தவறிச் சிந்திய மணலின் வழியே புல் செழித்து வந்ததைக் கவனித்தாராம். அதன்பின் மணலே அவருக்கு மருந்து. மணல் பள்ளத்தை நிரப்பும், ஈரத்தை வடிக்கும், புதுத் தளிருக்கு இடம் கொடுக்கும்.

குளிர்காலத் தயாரிப்பின் சாரம் இன்றும் அதுதான். இலையுதிர் காலத்தில் தரையில் துளையிட்டுக் காற்றோட்டம் தருவார்கள், மணல் தூவுவார்கள், புல்லைச் சற்று உயரமாக விடுவார்கள். தழைச்சத்து உரத்தைக் குறைத்துவிடுவார்கள். பனிக்கு முன் இளசாக வளர்ந்த புல்லைப் பூஞ்சை எளிதில் பிடிக்கும் என்பதே காரணம். உறைபனி மூடிய காலையில் யாரையும் உள்ளே விடமாட்டார்கள். உறைந்த புல்லை மிதித்தால் அதன் திசு உடைந்து, காலடித் தடமெல்லாம் கருகிப்போகும்.

ஆனால் டாம் மாரிஸ் பிடிவாதமாக நின்றது வேறொன்றுக்கு: ஓய்வு. ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் கிடையாது. சமய நம்பிக்கை ஒருபுறம்; ஆடுகிறவர்களுக்கு ஓய்வு தேவைப்படாவிட்டாலும் தரைக்குத் தேவை என்று அவர் வாதிட்டதாகச் சொல்வார்கள். சம்பளம் கொடுக்கும் கனவான்களிடம் ஒரு வேலைக்காரர் இப்படிப் பேசுவது லேசான காரியமா? 1903 வரை பொறுப்பில் இருந்தார், 1908இல் மறைந்தார். அந்தப் பழைய மைதானத்துக்கு, பெரிய போட்டிக் காலம் நீங்கலாக, ஞாயிறு இன்றும் விடுமுறைதான்.

நம் நாட்டுக்கு இந்த ஆட்டம் சீக்கிரமே வந்துவிட்டது. ராயல் கல்கத்தா கிளப் 1829இல் தோன்றியது. ஆனால் இங்கே கணக்கு தலைகீழ். வடக்கில் ஆடச் சுகமான பருவமே குளிர்காலம். அருகு உறங்குவதும் அப்போதுதான். அதனால் சில மைதானங்களில் ஐப்பசி வாக்கில் அருகின் மேலேயே ரை என்ற குளிர்ப்புல்லை விதைக்கிறார்கள். மேலே பச்சை, அடியில் அருகு உறங்கும். வெயில் ஏறியதும் ரை கருகும், அருகு விழிக்கும்.

பச்சையைப் பார்த்து ரசிக்கிற நமக்கு, விடிகாலைப் பனியில் மணல் சுமக்கும் மாலி கண்ணில் படுவதில்லை. புல்லின் உறக்கத்தை அறிந்தவர் அவர்தான். இப்போதெல்லாம் தை மாதத்தில் என் மனைவி மாலியைத்தான் கேட்கிறாள். சுவரோரம் வெயில் படுகிற இடத்தில் தப்பிய நாலு அருகை அவர் பறித்துத் தருகிறார். பிள்ளையாருக்கு அது போதும்.