யாழ்ப்பாண உணவில் அயடீன்

அயடீன், தைரொயிட்டுச் சுரப்பியின் ஓமோன்கள் உருவாக இன்றியமையாத கனிமம். வளர்ந்தவருக்கு நாளொன்றுக்கு 150 மைக்ரோகிராமும் கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் 250 மைக்ரோகிராமும் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இது குறைந்தால் கழுத்தின் முன்புறம் கழலை தோன்றும். கருவிலுள்ள பிள்ளையின் மூளை வளர்ச்சியும் குன்றும்.

அறிவியல் வரலாறு

1811இல் பிரான்சில் பேர்னார் கூர்த்துவா கடற்பாசிச் சாம்பலிலிருந்து அயடீனைக் கண்டெடுத்தார். 1820இல் ஜெனீவா மருத்துவர் குவாந்தே அதைக் கழலைக்கு மருந்தாக்கினார். 1922இல் சுவிட்சர்லாந்து உப்பில் அயடீன் கலக்கத் தொடங்கியது.

இலங்கையில் கழலை மிகுதியாகக் காணப்பட்டது தென்மேற்கின் ஈரவலயத்திலேயே. அங்கே பெருமழை மண்ணிலுள்ள அயடீனைக் கழுவிச் சென்றுவிடுகிறது. யாழ்ப்பாணக் குடாநாடு வறண்ட வலயம். மூன்று பக்கமும் கடல்.

கடலும் தோட்டமும்

குடாநாட்டின் பழைய அயடீன் ஊற்று கடலுணவு. ஒடியற்கூழ்ப் பானைக்குள் மீன்தலை, நண்டு, இறால் எல்லாம் சேரும். அதே பானையில் விழும் மரவள்ளிக் கிழங்கிலுள்ள சயனைட்டுச் சேர்மமோ, உடலில் தயோசயனேற்றாக மாறி, சுரப்பி அயடீனை ஏற்பதைத் தடுக்கக்கூடியது. அயடீன் போதிய அளவு கிடைக்கும்வரை அதனால் தீங்கில்லை.

குடாநாட்டின் ஒரு பகுதியான வலிகாமத்தில், கரையிலிருந்து உள்ளே நிலைமை வேறு. காங்கேசன்துறை வீதியிலுள்ள மருதனார்மடம் செம்மண் தோட்டங்களும் மரக்கறிச் சந்தையும் சூழ்ந்த ஊர். 1913இல் பொன்னம்பலம் இராமநாதன் நிறுவிய மகளிர் கல்லூரியும் ஆஞ்சநேயர் கோயிலும் இங்குள்ளன. இத்தகைய சைவச் சூழலில் மச்சம் தொடாத வீடுகள் உண்டு; மற்ற வீடுகளிலும் வெள்ளிக்கிழமை, கந்தசஷ்டி நாள்களில் மீன்சட்டி அடுப்பேறாது. மரக்கறியிலுள்ள அயடீன் மண்ணைப் பொறுத்தே அமையும். பாலும் தயிரும் ஓரளவு தரும். தோட்டங்களுக்கு இடும் பசளையால் வலிகாமக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று கூடியிருப்பதும் கவனத்திற்குரியது; அதுவும் அயடீன் உறிஞ்சப்படுவதற்கு இடையூறு செய்யவல்லது.

உப்பு

ஆனையிறவிலும் செம்மணியிலும் உப்பு விளைந்தது கடல்நீரிலிருந்துதான். ஆயினும் உப்பு படிகமாகும்போது அதில் தங்கும் அயடீன் மிகச் சொற்பம். கடலுப்பு என்பதாலேயே அது அயடீன் தரும் என்று நம்புவது தவறு. 1995 முதல் இலங்கையில் மனிதர் உண்ணும் உப்பில் அயடீன் சேர்ப்பது சட்டமாயிற்று. இதற்குப் பொட்டாசியம் அயடேற்று பயன்படுகிறது. போரினால் நீண்டகாலம் முடங்கிய ஆனையிறவு உப்பளத்தில் 2025 மார்ச்சில் மேசை உப்புத் தொழிற்சாலை திறக்கப்பட்டது.

கிலோவுக்கு 30 மில்லிகிராம் அயடீன் உள்ள உப்பில் 5 கிராம் உண்டால் ஒருநாள் தேவையான 150 மைக்ரோகிராம் கிடைத்துவிடும். அதற்கு மேல் உப்பைக் கூட்ட வேண்டியதில்லை. உப்பை ஈரம் படாத மூடிய போத்தலில் வைத்து, கறி இறக்கும் வேளையில் போடுவது அயடீன் வீணாவதைக் குறைக்கும். மீன் உண்ணாத கர்ப்பிணிக்கு உப்பு மட்டும் போதாமற் போகலாம். அவர் தமது தேவையைக் குடும்பநல உத்தியோகத்தரிடமோ வைத்தியரிடமோ கேட்டறிவதே தாய்க்கும் பிள்ளைக்கும் பாதுகாப்பு.