பார்பெல் வலுப்பயிற்சி

இரு முனைகளிலும் எடைத்தட்டுகள் மாட்டிய இரும்புக் கம்பியைத் தூக்கியும் தாங்கியும் உடலின் வலுவைப் படிப்படியாகக் கூட்டும் பயிற்சி பார்பெல் வலுப்பயிற்சி எனப்படும். இதைச் செய்பவர்களில் போட்டியாளர்கள் சிறு பகுதியினரே; வேலை முடிந்து வந்து மாலையில் ஒரு மணி நேரம் ஒதுக்குபவர்கள்தான் பெரும்பான்மை. ஆணழகன் போட்டிகளுக்கான பயிற்சியில் தசையின் அளவும் வடிவமும் குறிக்கோள். இங்கே தூக்கும் எடைதான் அளவுகோல். போட்டியாக இது இரண்டு வடிவம் கொண்டது. ஸ்னாட்ச் (கம்பியைத் தரையிலிருந்து ஒரே வீச்சில் தலைக்குமேல் தூக்குவது), கிளீன் அண்டு ஜெர்க் (முதலில் தோளுக்கும் பிறகு தலைக்குமேலும் தூக்குவது) ஆகிய இரண்டும் சேர்ந்தது ஒலிம்பிக்கில் உள்ள பளுதூக்குதல். ஸ்குவாட் (கம்பியைத் தோளில் தாங்கி உட்கார்ந்து எழுவது), பெஞ்ச் பிரஸ் (பெஞ்சில் படுத்துக் கம்பியை மார்பிலிருந்து மேலே தள்ளுவது), டெட்லிஃப்ட் (தரையில் கிடக்கும் கம்பியைப் பிடித்து நிமிர்வது) மூன்றும் சேர்ந்தது வலுதூக்குதல். அதன் பன்னாட்டுக் கூட்டமைப்பு 1972இல் அமைந்தது. தமிழ்நாட்டில் பளுதூக்குதலுக்குப் பெயர் பெற்ற ஊர் வேலூரைச் சேர்ந்த சத்துவாச்சாரி. 2014, 2018 காமன்வெல்த் போட்டிகளில் 77 கிலோ பிரிவில் தங்கம் வென்ற சதீஷ் சிவலிங்கம் அந்த ஊர்க்காரர்.

எடை தூக்கி வலுவைக் காட்டும் வழக்கம் மிகப் பழையது. தென் மாவட்டக் கிராமங்களில் இன்றும் கிடக்கும் இளவட்டக்கல் அதற்குச் சான்று. உருண்டையான கல்லைத் தரையிலிருந்து மடிக்கும், மடியிலிருந்து தோளுக்கும் ஏற்றிப் பின்புறம் போட வேண்டும். ஆனால் கல்லின் எடை மாறாதது. தூக்க முடிந்தவன் தூக்குவான், முடியாதவனுக்கு அந்தக் கல் எந்த வழியும் காட்டாது. தட்டு மாட்டும் கம்பி இந்தக் குறையைத்தான் தீர்த்தது. முதல் நாள் வெறுங்கம்பியில் தொடங்கி, அடுத்த நாள் இரண்டரைக் கிலோ கூட்டி, வலு வளர வளர எடையையும் வளர்த்துக்கொண்டு போகலாம்.

இந்தப் படிப்படியான ஏற்றத்தை மருத்துவத்துக்குள் கொண்டுவந்தவர் அமெரிக்க ராணுவ மருத்துவர் தாமஸ் டிலோர்ம். இரண்டாம் உலகப்போரில் காயம்பட்ட வீரர்களின் தொடைத்தசைக்கு, குறைந்த எடையைப் பலமுறை தூக்கவைக்கும் பழைய முறையைக் கைவிட்டு, அதிக எடையைச் சிலமுறை தூக்கவைத்தார். அதன் பலனை 1945இல் வெளியிட்டார். சரியாகப் பத்து முறை தூக்க முடிகிற எடையைக் கண்டறிந்து, அதில் பாதி, முக்கால், முழு எடை என மூன்று செட் (ஓய்வுக்கு நிறுத்தாமல் தொடர்ந்து தூக்கும் ஒரு சுற்று) செய்வது பின்னர் அவர் வகுத்த முறை. இன்று ஜிம்களில் 'மூன்று செட், பத்து ரெப்' (ஒருமுறை தூக்குவது ஒரு ரெப்) என்று சொல்லப்படுவதில் அந்த முறையின் சாயல் இருக்கிறது. ஐந்து செட், ஐந்து ரெப் என்ற இன்னொரு முறையை, 1976இல் வெளிவந்த பில் ஸ்டாரின் நூல் பரவலாக்கியது.

புதிதாகத் தொடங்குபவருக்கு முதல் சில வாரங்களில் எடை வேகமாக ஏறும். தசை அதற்குள் பெருத்துவிடுவதில்லை. இருக்கும் தசையை முழுமையாக இயக்க நரம்புகள் பழகிக்கொள்கின்றன. இந்தக் காலத்தில் வாரம் மூன்று நாள் ஸ்குவாட் செய்து, நாளுக்கு இரண்டரைக் கிலோ கூட்டினால், 20 கிலோ வெறுங்கம்பியில் தொடங்கியவர் எட்டு வார முடிவில், 24ஆவது பயிற்சியன்று, 77.5 கிலோவில் நிற்பார். கையை மேலே நீட்டித் தூக்கும் பிரஸில் இந்த வேகம் கிடைக்காது. அங்கே அரைக்கிலோ தட்டுகள் உதவும். ஒரே எடையில் அடுத்தடுத்து மூன்று நாள் தடைப்பட்டால் பத்து சதவீதம் குறைத்து மீண்டும் ஏறிவருவது வழக்கம். அதற்குப் பிறகும் தடைப்பட்டால், நாளுக்கு நாள் கூட்டுவதை விட்டு வாரத்துக்கு ஒருமுறை கூட்ட வேண்டிய கட்டம் வந்துவிட்டது என்று கொள்ளலாம். இதையெல்லாம் நினைவில் வைத்துச் செய்ய இயலாது. தேதி, எடை, செட், ரெப் நான்கையும் எழுதிவைக்கும் நோட்டுதான் இப்பயிற்சியின் மிக முக்கியமான கருவி. அது இல்லாமல் ஆண்டுக்கணக்கில் ஒரே எடையைத் தூக்கிக்கொண்டிருப்பவர்கள் எல்லா ஜிம்களிலும் உண்டு. ஒரே முறை தூக்கக்கூடிய உச்ச எடையைத் தெரிந்துகொள்ள அந்த எடையைத் தூக்கிப் பார்க்க வேண்டிய கட்டாயமும் இல்லை. ரெப் எண்ணிக்கையை 30ஆல் வகுத்து ஒன்றைக் கூட்டி, எடையால் பெருக்கினால் தோராய விடை கிடைக்கும். 60 கிலோவை எட்டு முறை தூக்குபவரின் உச்சம் ஏறக்குறைய 76 கிலோ.

போட்டித் தரக் கம்பி ஆண்களுக்கு 20 கிலோ எடையும் 2.2 மீட்டர் நீளமும் கொண்டது. பளுதூக்குதலில் பெண்களுக்கான கம்பி 15 கிலோ. தட்டுகள் நிறத்தால் அறியப்படும்: 25 கிலோ சிவப்பு, 20 நீலம், 15 மஞ்சள், 10 பச்சை. வீட்டு உபயோகத்துக்கு விற்கும் ஐந்தடி ராடு இதைவிட மிகவும் எடை குறைவு. வாங்கியதும் அதைத் தராசில் வைத்துப் பார்த்து, வரும் எண்ணைக் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும். தட்டின் குறுக்களவும் முக்கியம். போட்டித் தட்டு 450 மில்லிமீட்டர் என்பதால் டெட்லிஃப்டில் கம்பி தரையிலிருந்து 22.5 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கும். வீட்டுச் செட்டின் சிறிய தட்டுகளில் கம்பி கணுக்காலை ஒட்டிக் கிடக்கும். அதை எட்டிப் பிடிக்கும்போது பலருக்கு இடுப்பு மடிந்து முதுகு வளைந்துவிடும். இருபுறத் தட்டுகளின் கீழும் மரக்கட்டையோ ரப்பர் பாயோ அடுக்கி உயர்த்திவிட்டால் இது தீரும்.

பெஞ்ச் பிரஸில் ஆபத்து அதிகம், ஏனெனில் தோற்றுப்போன எடை மார்பின் மீதோ கழுத்தின் மீதோ இறங்குகிறது. கட்டைவிரலைக் கம்பியைச் சுற்றி மடிக்காமல் பிடிப்பதை அறவே தவிர்க்க வேண்டும். துணைக்கு ஆள் இல்லாதவர் பக்கத் தடுப்புக் கம்பிகள் உள்ள ரேக்கில் செய்வதே முறை. அதுவும் இல்லையெனில் தட்டுகளுக்குப் பூட்டுப் போடாமல் விட்டால், சிக்கிக்கொள்ளும்போது ஒரு பக்கம் சாய்த்துத் தட்டுகளை உதிர்த்துவிடலாம். ஓட்டத்துக்கான மெத்தென்ற ஷூ, ஸ்குவாட்டில் எடைக்கு அமுங்கி நிலைகுலைக்கும். தட்டையான அடிப்பாகம் கொண்ட ஷூவோ வெறுங்காலோ மேல். இடுப்பு பெல்ட், வயிற்றுத் தசைகள் இறுகி அழுத்துவதற்கு ஒரு சுவராக உதவுகிறதே தவிர முதுகைத் தானாகத் தாங்குவதில்லை. தொடக்கத்தில் அது தேவையில்லை.

உணவில் அமெச்சூர்கள் அதிகம் விவாதிப்பது புரதத்தை. வலுப்பயிற்சி செய்வோர் குறித்த ஆய்வுகளைத் தொகுத்து 2018இல் வந்த கட்டுரை, உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 1.6 கிராம் என்ற அளவுக்கு மேல் சராசரியாகக் கூடுதல் பலன் தெரியவில்லை என்றது. 65 கிலோ எடையுள்ளவருக்கு இது 104 கிராம். நான்கு முட்டையில் 24, அரை லிட்டர் பாலில் 16, 150 கிராம் தோல்நீக்கிய கோழி நெஞ்சுக்கறியில் 33 என 73 கிராம் வந்துவிடும். மீதியை அன்றாடச் சோறு, பருப்பு, இட்லி, சுண்டல் ஈடுகட்டும். சைவ உணவுக்காரருக்கு சோயா மீல்மேக்கர் கைகொடுக்கிறது: காய்ந்த நிலையில் 50 கிராமில் ஏறத்தாழ 26 கிராம் புரதம். அதே அளவு வேர்க்கடலையில் 12 கிராம் இருந்தாலும் அதன் கொழுப்பையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

பச்சை முட்டையை உடைத்துக் குடிக்கும் பழக்கத்தை ஜிம் மாஸ்டர்கள் சிலர் இன்னும் சொல்லித்தருகிறார்கள், அது வீண். வேகவைத்த முட்டையின் புரதத்தில் சுமார் 90 சதவீதம் உடலில் சேர்கிறது, பச்சை முட்டையில் ஏறக்குறைய பாதிதான். சால்மோனெல்லா தொற்று அபாயம் வேறு. வே புரதப் பொடி பாலிலிருந்து பிரித்தெடுத்த உணவு, அவ்வளவே. சாப்பாட்டில் அளவு எட்டாதவருக்கு வசதி, எட்டியவருக்குச் செலவு. உடலைப் பெருக்கப் புரதப் பொடியை நாட வேண்டாம் என்றே இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2024 உணவு வழிகாட்டியும் சொல்கிறது. துணைப்பொருள்களில் நன்கு ஆராயப்பட்டு வலுவைக் கூட்டுவதாகக் கண்டறியப்பட்டது கிரியேட்டின், நாளுக்கு 3 முதல் 5 கிராம். அதை எடுப்பவரின் ரத்தப் பரிசோதனையில் 'கிரியேட்டினின்' என்ற கழிவுப்பொருளின் அளவு சற்று உயர்ந்து சிறுநீரகக் கோளாறுபோலத் தோன்றக்கூடும் என்பதால் மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். சிறுநீரக நோய் ஏற்கெனவே உள்ளவர்கள் கிரியேட்டினையும் அதிகப் புரதத்தையும் மருத்துவர் ஒப்புதலின்றித் தொடக்கூடாது.

ஊக்கமருந்துகள் தனி இனம். 1958இல் அமெரிக்கச் சந்தைக்கு வந்த டயனபால் மாத்திரை முதல் இன்றைய ஊசிகள்வரை, அனபாலிக் ஸ்டீராய்டுகள் தசையையும் வலுவையும் கூட்டுவது உண்மை. அதே வேளையில் அவை உடல் தானே சுரக்கும் டெஸ்டோஸ்டிரோனை முடக்குகின்றன, விந்தணுக்களைக் குறைக்கின்றன, கெட்ட கொழுப்பை உயர்த்தி இதயத் தசையைத் தடிக்கச் செய்கின்றன. நிறுத்திய பிறகு சுரப்பு மீள மாதக்கணக்கில் ஆகலாம். மருத்துவச் சீட்டின்றி இவற்றைக் கைமாற்றும் ஜிம்மை விட்டு விலகுவதே பாதுகாப்பு.

அதிக எடையில் மூச்சைப் பிடித்து வயிற்றை இறுக்கும்போது ரத்த அழுத்தம் சில நொடிகள் கடுமையாக ஏறுகிறது. கட்டுக்குள் வராத ரத்த அழுத்தம், குடலிறக்கம், கண்ணில் விழித்திரைக் கோளாறு உள்ளவர்கள் முதலில் மருத்துவரைப் பார்க்க வேண்டும். பெண்களுக்கும் முதியோருக்கும் தனிப் பயிற்சிமுறை வேண்டியதில்லை. தொடக்க எடையும் கூட்டும் அளவும்தான் மாறும். பெண்களிடம் டெஸ்டோஸ்டிரோன் மிகக் குறைவு என்பதால் ஆண்களைப்போலத் தசை பெருத்துவிடும் என்ற அச்சத்துக்கு அடிப்படை இல்லை. வயதானவர்களுக்குத் தொடைவலு என்பது நாற்காலியிலிருந்து துணையின்றி எழுவதும் படியேறுவதும் ஆகும். உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டி, வயதுவந்தோர் அனைவரும் வாரத்தில் குறைந்தது இரண்டு நாள் தசை வலுப்பயிற்சி செய்யப் பரிந்துரைக்கிறது. 65 வயதைக் கடந்தவர்களுக்கு அத்துடன் சமநிலைப் பயிற்சியையும் சேர்த்து வாரம் மூன்று நாள் என்கிறது.