சிறு சரக்கு வண்டிகளில் இழுவையும் எரிபொருள் சிக்கனமும்

சிறு சரக்கு வண்டி (பிக்கப்) என்பது ஏறத்தாழ அரை டன் முதல் இரண்டு டன் வரை சுமை ஏற்றக்கூடிய, பின்புறம் திறந்த சரக்குத் தொட்டி கொண்ட இலகுரக மோட்டார் வாகனம். தமிழ்நாட்டில் இது டெம்போ, மினி லாரி, குட்டி யானை, பிக்கப் எனப் பல பெயர்களில் வழங்குகிறது. புதிதாக ஒன்றை வாங்க வருபவர் பெரும்பாலும் இரண்டு கேள்விகளைக் கேட்கிறார்: "வண்டி நல்லா இழுக்குமா?", "மைலேஜ் எவ்வளவு கொடுக்கும்?" ஒன்றைக் கூட்டினால் மற்றொன்று குறையும் என்பதே பொதுவான எண்ணம். இந்தியச் சிறு சரக்கு வண்டிகளின் வரலாறு, இவ்விரண்டுக்கும் விடை எஞ்சினில் மட்டும் இல்லை, ஏற்றும் சுமையிலும் ஓடும் வழியிலும் இருக்கிறது என்பதைக் காட்டுகிறது.

மதுரைச் சமவெளியும் சரக்கும்

வில்லாபுரம் மதுரை மாநகரின் தென்பகுதியில், அவனியாபுரம் செல்லும் சாலையில் அமைந்த குடியிருப்புப் பகுதி. அதற்குத் தெற்கிலும் மேற்கிலும் உள்ள அவனியாபுரம், திருப்பரங்குன்றம், திருமங்கலம் வட்டாரங்களிலிருந்து மல்லிகைப் பூவும் காய்கறியும் மாட்டுத்தாவணி, பரவைச் சந்தைகளுக்குப் போகின்றன. மளிகை மொத்த வணிகம் நடக்கும் கீழமாசி வீதியிலிருந்து சிறு கடைகளுக்கு மூட்டைகள் வருகின்றன. மதுரை மல்லிக்கு 2013-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. விடியுமுன் பறித்த பூ, காலைச் சந்தைக்குள் போய்ச் சேராவிட்டால் விலை இறங்கிவிடும்.

இந்தச் சரக்குப் போக்குவரத்துக்கு மூன்று இயல்புகள் உண்டு. தூரம் குறைவு. நிலம் பெரும்பாலும் சமதரை. தெருக்கள் குறுகலானவை, அடிக்கடி நின்று புறப்பட வேண்டியவை. முன்பு மாட்டு வண்டியும் கைவண்டியும் செய்த வேலை இது. அவற்றின் இடத்தைப் பிடித்த மோட்டார் வண்டி எவ்வளவு வலுவானதாக இருக்க வேண்டும் என்பதே பொறியாளர்கள் முன் நின்ற வினா.

கரிவாயுக் காலம்

எரிபொருளுக்காக இழுவையைத் தியாகம் செய்த அனுபவம் மதுரைக்குப் பழையது. டி. வி. சுந்தரம் ஐயங்கார் 1911-ல் மதுரையில் தொடங்கிய டி.வி.எஸ். நிறுவனம் பேருந்து, லாரிப் போக்குவரத்தில் தென்னிந்தியாவில் முன்னோடியாக வளர்ந்தது. இரண்டாம் உலகப் போரின்போது பெட்ரோலுக்குக் கடும் தட்டுப்பாடு ஏற்பட்டு, பங்கீடும் நடைமுறைக்கு வந்தது. அப்போது அந்நிறுவனம் மரக்கரியை எரித்து வாயு உண்டாக்கும் கலன்களைத் தயாரித்தது. வண்டியில் பொருத்திய அடுப்பில் கரி குறைந்த காற்றில் புகைந்து எரியும். அதில் உண்டாகும் கார்பன் மோனாக்சைடு கலந்த வாயு வடிகட்டப்பட்டு எஞ்சினுக்குள் செல்லும்.

கரி உள்நாட்டிலேயே கிடைத்தது. ஆனால் கரிவாயுவின் வெப்ப ஆற்றல் பெட்ரோல் ஆவியைவிட மிகக் குறைவு. ஆகவே அதே எஞ்சின் தன் திறனில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கோ அதற்கும் மேலாகவோ இழந்தது. புறப்படுமுன் அடுப்பை மூட்டிக் காத்திருக்க வேண்டும். மேடு வந்தால் வண்டி திணறும். போர் முடிந்து பெட்ரோல் தாராளமாகக் கிடைத்ததும் கரிவாயுக் கலன்கள் மறைந்தன.

டீசலின் வருகை

திறனையும் சிக்கனத்தையும் ஓரளவு ஒன்றுசேர்த்தது டீசல் எஞ்சின். ஜெர்மானியப் பொறியாளர் ருடால்ஃப் டீசல் 1897-ல் செயல்படுத்திக் காட்டிய எஞ்சின், எரிபொருளின் ஆற்றலில் கால் பங்குக்குச் சற்று மேல் பயனுள்ள வேலையாக மாற்றியது. அக்காலத்து நீராவி எஞ்சின்களுக்கு அது எட்டாத அளவு.

டீசல் எஞ்சினில் காற்று மிக அதிகமாக அழுத்தப்படுகிறது. அந்த அழுத்தத்தில் எழும் சூட்டிலேயே டீசல் பற்றிக்கொள்கிறது, தீப்பொறி தேவையில்லை. அழுத்த விகிதம் கூடக்கூட வெப்பத்தில் வேலையாக மாறும் பங்கும் கூடுகிறது. குறைந்த சுழற்சி வேகத்திலேயே நல்ல முறுக்குவிசை கிடைப்பது இதன் இன்னொரு பயன். பட்டறைகளில் 'புல்லிங்' என்று சொல்வது இதைத்தான். சுமையுடன் நின்ற வண்டியை நகர்த்தத் தேவைப்படுவது முறுக்குவிசை. வேகமாக ஓடத் தேவைப்படுவது குதிரைத்திறன். வாங்குவோர் பலர் இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதுவதால்தான் குழப்பம் தொடங்குகிறது.

சென்னையின் சிம்சன் நிறுவனம் 1950-களில் பிரிட்டனின் பெர்க்கின்ஸ் டீசல் எஞ்சின்களை இங்கே தயாரிக்கத் தொடங்கியது. பெட்ரோல் எஞ்சினோடு வந்த வண்டிகளில் அதைக் கழற்றிவிட்டு டீசல் எஞ்சின் பொருத்துவது பின்னர் வழக்கமாயிற்று.

டெம்போ முதல் 407 வரை

ஜெர்மனியின் டெம்போ நிறுவனக் கூட்டுறவில் பஜாஜ் டெம்போ நிறுவனம் 1958-ல் தொடங்கப்பட்டது. அதன் 'ஹான்சீட்' மூன்று சக்கர வண்டி இந்திய நகரங்களில் பரவியது. அந்த நிறுவனப் பெயரே பொதுப்பெயராகி, எந்தச் சிறு சரக்கு வண்டியையும் 'டெம்போ' என்றழைக்கும் வழக்கம் தமிழில் நிலைத்தது. பின்பு வந்த 'மட்டடோர்' என்னும் நான்கு சக்கர டீசல் வண்டியும் அதே போலப் புகழ்பெற்றது. பஜாஜ் டெம்போ 2005-ல் ஃபோர்ஸ் மோட்டார்ஸ் எனப் பெயர் மாறியது.

1980-களின் நடுவில் ஜப்பானியக் கூட்டுறவில் டி.சி.எம். டொயோட்டா, ஆல்வின் நிசான், ஸ்வராஜ் மஸ்தா, ஐச்சர் (மிட்சுபிஷி) ஆகிய இலகுரக லாரிகள் வந்தன. எரிபொருள் சிக்கனமே அவற்றின் முதன்மையான விளம்பரம். இவற்றுக்குப் போட்டியாக டாடா நிறுவனம் 1986-ல் '407' வண்டியை உள்நாட்டிலேயே வடிவமைத்து வெளியிட்டது. ஜப்பானியப் பணமான யென்னின் மதிப்பு உயர்ந்ததால் இறக்குமதி உதிரிபாகங்களின் விலை ஏறியது. 407-க்கு அந்தச் சிக்கல் இல்லை. அதிகச் சுமையையும் மோசமான சாலையையும் அது தாங்கியது. லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்பது மட்டும் சிக்கனம் ஆகாது, பழுதுபார்க்கும் செலவும் அதில் சேரும் என்பதை இந்தப் போட்டி உணர்த்தியது.

குட்டி யானை

2000-ஆம் ஆண்டுக்குப் பின் நான்குவழிச் சாலைகள் வந்தன. பெரிய லாரிகள் நகரின் விளிம்பில் நின்றன. அங்கிருந்து கடைகளுக்குச் சரக்கைக் கொண்டுசெல்லச் சிறு வண்டி தேவைப்பட்டது. மூன்று சக்கர வண்டி மலிவானது. ஆனால் வேகமும் நிலைத்தன்மையும் போதவில்லை. இந்த இடைவெளியை நிரப்ப, கிரீஷ் வாக் தலைமையிலான டாடா மோட்டார்ஸ் குழு உருவாக்கிய 'ஏஸ்' 2005 மே மாதம் விற்பனைக்கு வந்தது. தொடக்க விலை சுமார் 2.25 லட்சம் ரூபாய். தமிழ்நாட்டில் அதற்குக் கிடைத்த பெயர் 'குட்டி யானை'.

அதன் எஞ்சின் இரண்டு சிலிண்டர், 702 சி.சி. டீசல். டாடா இண்டிகா காரின் 1,405 சி.சி., நான்கு சிலிண்டர் எஞ்சினில் ஏறத்தாழ சரிபாதி. திறன் 16 குதிரைத்திறன். முறுக்குவிசை சுமார் 38 நியூட்டன் மீட்டர். ஏற்றக்கூடிய சுமை 750 கிலோ. சுமையுடன் மொத்த எடை 1,550 கிலோ. அன்றைய மோட்டார் சைக்கிள்கள் சிலவற்றுக்கே இதற்கு இணையான குதிரைத்திறன் இருந்தது. ஆயினும் 2012-க்குள் பத்து லட்சம் ஏஸ் வண்டிகள் விற்பனையாகிவிட்டன.

16 குதிரைத்திறன் போதுமானது எப்படி?

சமதரையில் ஓடும் வண்டி இரண்டு தடைகளை வெல்ல வேண்டும்: சக்கரங்களின் உருளல் தடை, காற்றுத் தடை. 1,550 கிலோ எடையுடன் மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் ஓட இவ்விரண்டுக்கும் சேர்த்து ஏறத்தாழ 5 குதிரைத்திறன் போதும். ஆனால் வேகம் இரண்டு மடங்கானால் காற்றை வெல்லத் தேவைப்படும் திறன் எட்டு மடங்காகிறது. ஆகவே வேகத்தை எதிர்பார்க்காத வண்டிக்குச் சிறிய எஞ்சினே போதுமானது. சிறிய எஞ்சின் தன் திறனில் பெரும்பங்கைப் பயன்படுத்தி ஓடுவதால் உராய்வில் வீணாகும் பங்கும் குறைகிறது.

ஏற்றம் வந்தால் கணக்கு மாறும். நூறு மீட்டருக்கு ஏழு மீட்டர் உயரும் சாலையில், அதே வண்டி மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் ஏறவே எஞ்சினின் திறன் ஏறத்தாழ முழுவதும் செலவாகிவிடும். வில்லாபுரத்திலிருந்து மாட்டுத்தாவணிக்கு ஓடும் வண்டிக்கு இது ஒரு குறையே அல்ல. வத்தலக்குண்டு வழியாகக் கொடைக்கானல் மலைக்கு நாள்தோறும் ஏறும் வண்டிக்கு இது பெருங்குறை. ஒரே வண்டி ஓரிடத்தில் சிக்கனமானதாகவும் மற்றோரிடத்தில் திணறுவதாகவும் பெயரெடுப்பதன் காரணம் இதுதான்.

தோஸ்த்தும் டர்போவும்

ஏஸ் வண்டியில் அளவுக்கு மீறி ஏற்றுவது பரவலாயிற்று. அதற்கு மேலான சுமைக்கு மஹிந்திரா நிறுவனத்தின் பொலேரோ பிக்கப் போன்ற பெரிய எஞ்சின் வண்டிகள் இருந்தன. இவ்விரண்டுக்கும் நடுவில், அசோக் லேலண்ட் - நிசான் கூட்டு நிறுவனம் 2011-ல் 'தோஸ்த்' வண்டியை வெளியிட்டது. அது தமிழ்நாட்டின் ஓசூரில் தயாரானது. சுமைத்திறன் 1.25 டன், மூன்று சிலிண்டர், 1.5 லிட்டர் டீசல் எஞ்சின். சுமார் 55 குதிரைத்திறன். ஏஸ் வண்டியோடு ஒப்பிட்டால் சுமை ஒன்றே முக்கால் மடங்குக்கும் குறைவாகவே கூடியது. திறனோ ஏறத்தாழ மூன்றரை மடங்கு. 2016-ல் நிசான் விலகியது. அசோக் லேலண்ட் தனியாகத் தொடர்ந்தது.

இந்தத் திறனைச் சிறிய எஞ்சினில் பெற உதவியவை இரண்டு. வெளியேறும் புகையின் விசையால் சுழன்று, கூடுதல் காற்றை உள்ளே தள்ளுவது டர்போ. டீசலை மிகுந்த அழுத்தத்தில் தேக்கி, மின்னணுக் கட்டுப்பாட்டில் உரிய நொடியில் பீய்ச்சுவது காமன் ரெயில் அமைப்பு. அமெரிக்காவிலும் இதே வழி பின்பற்றப்பட்டது. அங்கு 1973-ன் எண்ணெய் நெருக்கடிக்குப் பின் 1975-ல் எரிபொருள் சிக்கனச் சட்டம் வந்தது. ஃபோர்டு நிறுவனம் தன் எஃப்-150 பிக்கப்பின் 2011-ஆம் ஆண்டு வடிவில், எட்டு சிலிண்டர் எஞ்சினுக்கு மாற்றாக இரட்டை டர்போ பொருத்திய ஆறு சிலிண்டர் எஞ்சினையும் வழங்கியது.

ஓர் எளிய கணக்கு

மாணவர்கள் தாமே போட்டுப் பார்க்கத்தக்க கணக்கு ஒன்று. சிறிய வண்டி 750 கிலோ ஏற்றி லிட்டருக்கு 20 கி.மீ. ஓடுகிறது என்றும், பெரிய வண்டி 1,250 கிலோ ஏற்றி 16 கி.மீ. ஓடுகிறது என்றும் வைத்துக்கொள்வோம். போய்வரும் தூரம் 80 கி.மீ.

அன்றாடச் சுமை 500 கிலோ என்றால், சிறிய வண்டிக்கு 4 லிட்டர், பெரிய வண்டிக்கு 5 லிட்டர். லிட்டர் 90 ரூபாய், மாதம் 25 நாள் எனக் கொண்டால் பெரிய வண்டிக்காரருக்கு மாதம் 2,250 ரூபாய், ஆண்டுக்கு 27,000 ரூபாய் கூடுதல் செலவு.

அன்றாடச் சுமை 1,200 கிலோ என்றால், சிறிய வண்டி இரண்டு நடை போக வேண்டும்: 8 லிட்டர். பெரிய வண்டி ஒரே நடையில் 5 லிட்டரில் முடித்துவிடும். இப்போது மைலேஜ் குறைந்த வண்டியே சிக்கனமானது. எனவே சரக்கு வண்டியின் சிக்கனத்தை லிட்டருக்கு இத்தனை கிலோமீட்டர் என்று மட்டும் அளப்பது போதாது. ஒரு டன் சரக்கை ஒரு கிலோமீட்டர் கொண்டுசெல்ல எவ்வளவு எரிபொருள் என்று அளக்க வேண்டும்.

இரண்டு நடையைத் தவிர்க்க, சிறிய வண்டியிலேயே 1,200 கிலோவையும் ஏற்றுவது மூன்றாவது வழி. பலர் தேர்ந்தெடுப்பது அதையே. எஞ்சின் எப்படியோ இழுத்துவிடும். ஆனால் பிரேக், டயர், அச்சு ஆகியவை 750 கிலோவுக்காகச் செய்யப்பட்டவை. 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 194-ஆம் பிரிவு, அளவுக்கு மீறிய சுமைக்கு 20,000 ரூபாயும், மிகுதியான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் அபராதம் விதிக்கிறது. கடன் வாங்கிய வண்டியைத் தானே ஓட்டிப் பிழைப்பவருக்கு ஓர் அபராதமே பல மாத எரிபொருள் மிச்சத்தைக் கரைத்துவிடும். பிரேக் பிடிக்காமல் நேரும் விபத்துக்கோ ஈடே இல்லை.

விலையும் புகை விதிகளும்

டீசல் வண்டிகளின் பெருக்கத்துக்கு அரசு கட்டுப்படுத்திய டீசல் விலையும் ஒரு காரணம். 2013 ஜனவரி முதல் அவ்விலை சிறிது சிறிதாக உயர்த்தப்பட்டது. 2014 அக்டோபரில் கட்டுப்பாடு முழுமையாக நீங்கியது. பெட்ரோலுக்கும் டீசலுக்கும் இருந்த விலை வேறுபாடு சுருங்கியது. 2020 ஏப்ரல் முதல் பி.எஸ்.-6 புகை விதிகள் நாடெங்கும் நடைமுறைக்கு வந்தன. இவற்றுக்கேற்பச் சிறிய டீசல் எஞ்சினில் புகை வடிகட்டும் கருவிகளைச் சேர்ப்பது விலையை உயர்த்தியது. அதே ஆண்டு ஏஸ் வண்டியின் 694 சி.சி. பெட்ரோல் வடிவம் 30 குதிரைத்திறனுடன் வந்தது. இயற்கை எரிவாயு வண்டிகளும் பரவின.

2022-ல் அறிமுகமான மின்சார ஏஸ் 36 குதிரைத்திறனும் 130 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையும் கொண்டது. மின் மோட்டார் சுழலத் தொடங்கும்போதே அதிக முறுக்குவிசை தருவதால் 'இழுக்குமா' என்ற கேள்வி ஏறக்குறைய மறைந்துவிட்டது. ஆனால் மின்கலத்தின் எடை வேறொரு விலை கேட்டது: அதன் சுமைத்திறன் 600 கிலோ, முதல் டீசல் ஏஸ் வண்டியைவிட 150 கிலோ குறைவு. 2024-ல் ஒரு டன் ஏற்றும் மின்சார வடிவம் வந்தது. பழைய சமன்பாடு, மின்கலத்துக்கும் சுமைக்கும் இடையிலான சமன்பாடாக இன்று தொடர்கிறது.

முடிவுரை

கரிவாயு வண்டி முதல் மின்சார வண்டி வரை, எரிபொருளின் விலையும் கிடைக்கும் அளவும் மாறும்போதெல்லாம் இழுவைக்கும் சிக்கனத்துக்கும் இடையிலான எல்லைக்கோடு இடம் மாறியிருக்கிறது. மாறாதது ஒன்று: தேவைக்கு மீறிய எஞ்சின் ஒவ்வொரு நாளும் எரிபொருளை வீணாக்குகிறது, தேவைக்குக் குறைந்த எஞ்சின், நடையைக் கூட்டியோ அளவுக்கு மீறிச் சுமந்தோ அந்தச் செலவை வேறு வழியில் வசூலிக்கிறது. அன்றாடம் ஏற்றப்போகும் எடை எத்தனை கிலோ, வழி சமதரையா மலையா, நாளுக்கு எத்தனை நடை என்ற மூன்றையும் முதலில் ஒரு தாளில் எழுதிக்கொண்டால், இழுவை, மைலேஜ் என்ற இரண்டு கேள்விகளுக்கும் விடை பெரும்பாலும் அந்தத் தாளிலேயே கிடைத்துவிடும்.