அயர்லாந்தில் வெண்ணெய் திருடியது யார்?

அயர்லாந்துக் கதை என்றாலே தங்கப்பானையோடு திரியும் குள்ளன்தான் எல்லோருக்கும் ஞாபகம் வரும். அவனை விடுங்கள். எனக்கு அதைவிட சுவாரசியமாகப் பட்டது வெண்ணெய் சமாச்சாரம்.

அந்த ஊர் விவசாயிகளைப் பொறுத்தவரை அதிர்ஷ்டம் என்பது தானாக வந்து போகிற விஷயமில்லை. ஒருவர் வீட்டிலிருந்து இன்னொருவர் தூக்கிக்கொண்டு போய்விடக்கூடிய சொத்து! அதுவும் மே 1ஆம் தேதி ரொம்ப ஆபத்தான நாள். அன்று வீட்டிலிருந்து நெருப்பு, பால், உப்பு எதையும் வெளியே கொடுக்க மாட்டார்கள். கேட்டு வந்தவர் மேலேயே சந்தேகம் விழும். விடியற்காலையில் யாராவது உங்கள் மேய்ச்சல் நிலத்தில் துணியை இழுத்துப் பனித்துளியைச் சேகரித்துவிட்டால், அந்த வருஷ வெண்ணெய் முழுக்க அவருக்குத்தான். மாடுகளுக்கு நடுவே முயல் தென்பட்டால் அது முயலே இல்லை, பால் குடிக்க உருமாறி வந்த கிழவி. (இந்த முயல் கதையை 12ஆம் நூற்றாண்டிலேயே ஜெரால்ட் ஆஃப் வேல்ஸ் என்ற பாதிரியார் எழுதி வைத்திருக்கிறார். அப்போதே அது பழைய புகாராம்!)

வெண்ணெய் கடையும்போது யாராவது உள்ளே வந்தால், கடவுள் ஆசி சொல்லிவிட்டு மத்தைப் பிடித்துக் கொஞ்ச நேரம் கடைந்துவிட்டுத்தான் போக வேண்டும். சும்மா போனால் வெண்ணெயும் கூடவே போய்விடும்.

ஏன் வெண்ணெய்க்கு மட்டும் இத்தனை பயம்? காமர்ஸ் படிக்கிற மூளைக்கு முதலில் தோன்றுவது வாடகைதான் :-) சாப்பிட உருளைக்கிழங்கு, நிலச்சுவான்தாருக்குக் குத்தகை கட்டக் காசு வேண்டுமே, அதற்கு வெண்ணெய். 1770இல் தொடங்கிய கார்க் நகர வெண்ணெய்ச் சந்தை 19ஆம் நூற்றாண்டில் உலகத்திலேயே பெரியவற்றில் ஒன்று. ஆனால் பாலேடு கொஞ்சம் அதிகமாகக் குளிர்ந்தாலோ சூடானாலோ வெண்ணெய் சரியாகத் திரளாது. தெர்மாமீட்டர் இல்லாத வீட்டில் இதை எப்படிப் புரிந்துகொள்வது? பக்கத்து வீட்டுக்காரி எடுத்துவிட்டாள் என்பதுதான் சுலபமான விடை. பரிகாரமாகப் பழுக்கக் காய்ச்சிய இரும்பைத் தாழிக்குள் விடுவார்கள். குளிர்நாளில் அது நிஜமாகவே பலித்திருக்கும் என்று நினைக்கிறேன், சூடு ஏறுமல்லவா!

ஆனால் இதெல்லாம் வெறும் வேடிக்கை இல்லை. வைக்கோல் போரில் யாரோ மறைத்து வைத்த முட்டை கிடைத்தால் அது 'பிஷோக்', அதாவது செய்வினை. அதோடு பக்கத்து வீட்டு உறவு முடிந்தது. பழி பெரும்பாலும் விழுந்தது பெண்கள் மேல்.

வெண்ணெய் விவகாரம் இல்லையென்றாலும், இதே நம்பிக்கை உலகம் எதுவரை போகும் என்பதற்கு 1895இல் டிப்பெரரி மாவட்டத்தில் நடந்தது சாட்சி. பிரிட்ஜெட் கிளியரி, வயது 26. தையல் வேலை, முட்டை வியாபாரம் என்று சொந்தமாகச் சம்பாதித்தவர். நோயில் படுத்தார். இவள் என் மனைவியே இல்லை, தேவதைகள் மாற்றி வைத்துவிட்டுப் போன உரு என்று சொல்லி கணவன் மைக்கேல் எரித்தான். உறவினர்கள் வீட்டிலேயே இருந்தார்கள். அவனுக்கு 20 வருஷ தண்டனை கிடைத்தது, 15 வருஷம் சிறையில் இருந்தான். நிஜமாகவே நம்பினானா, அல்லது சம்பாதிக்கிற மனைவி மேல் இருந்த கோபத்துக்கு ஊர் நம்பிக்கை சாக்கா? எனக்கு இரண்டாவதும் கலந்திருக்கும் என்றே படுகிறது.

வெண்ணெய்த் திருட்டை ஒழித்தது பிரசங்கம் இல்லை, எந்திரம். 1889இல் லிமெரிக் மாவட்டத்தில் முதல் கூட்டுறவுப் பால்பண்ணை வந்தது. அதற்குப் பிறகு மெல்ல மெல்லக் கடைகிற வேலை வீட்டைவிட்டு வெளியேறியது. 1937 முதல் 1939 வரை பள்ளிப் பிள்ளைகள் சுமார் 50,000 பேர் தாத்தா பாட்டிகளிடம் கேட்டு இந்தக் கதைகளையெல்லாம் நோட்டில் எழுதினார்கள். டூகஸ் என்ற தளத்தில் அந்தக் கையெழுத்துப் பக்கங்களை ஸ்கேன் செய்து இலவசமாகவே போட்டிருக்கிறார்கள். செமஸ்டர் பரீட்சை முடிந்த பிறகு திறங்கள், முன்னால் திறந்தால் நான் பொறுப்பில்லை!