உயிருள்ள கற்களைத் தேடி: கப்பதோக்கியாவில் ஒரு நாள்

பெந்தக்கோஸ்துப் பெருவிழாவின் முதல் வாசகத்தில், அன்று எருசலேமில் கூடியிருந்தவர்கள் எந்தெந்த நாட்டினர் என்று ஒரு நீண்ட பட்டியல் வரும். வாசிப்பவர் சற்றுத் தயங்கித் தயங்கி உச்சரிக்கும் அந்தப் பெயர்களுள் ஒன்று கப்பதோக்கியா (திப 2:9). புனித பேதுருவின் முதல் திருமுகம் யாருக்கு எழுதப்பட்டது என்று பார்த்தால், அங்கும் அதே பெயர் இருக்கிறது (1 பேது 1:1). ஆண்டுதோறும் காதில் விழும் இந்த ஊர் எங்கே இருக்கிறது? அங்கே இன்று என்ன எஞ்சியிருக்கிறது? இக்கேள்விகளோடுதான் துருக்கி நாட்டுத் திருப்பயணத்தில் ஒரு முழு நாளை நாங்கள் கப்பதோக்கியாவுக்கென்று ஒதுக்கினோம். அந்த நாளில் கண்டதையும் கற்றதையும் அன்பார்ந்த இறைமக்களோடு இங்கே பகிர்ந்து கொள்கிறோம்.

சாம்பலில் உருவான நாடு

கப்பதோக்கியா துருக்கியின் நடுப்பகுதியில் உள்ள மேட்டுநிலம். எர்சியெஸ் (3,917 மீட்டர்), ஹசன் (3,268 மீட்டர்) என்னும் இரு எரிமலைகள் இதைக் காவல் காப்பவைபோல் நிற்கின்றன. பல இலட்சம் ஆண்டுகளாக இப்பகுதியின் எரிமலைகள் கக்கிய சாம்பல் படிந்து, இறுகி, மென்பாறையாக மாறியது. இந்தப் பாறையைச் சாதாரண இரும்புக் கருவியால் குடைந்துவிடலாம். குடைந்த பகுதி காற்றுப்பட்டதும் மேலும் கடினமாகிவிடும். மரம் குறைவாகவும் பாறை மிகுதியாகவும் உள்ள இந்த நாட்டில், மக்கள் வீட்டைக் கட்டுவதற்குப் பதிலாகக் குடைந்து கொண்டார்கள். வீடு மட்டுமல்ல, தொழுவம், திராட்சை ஆலை, புறாக்கூடு, கல்லறை, ஆலயம் எல்லாமே பாறைக்குள்தான்.

இப்பகுதியின் பெரிய நகரமான கைசேரிதான் பழைய செசாரியா. ஏழைகளின் ஆயர் என்று போற்றப்படும் புனித பெரிய பசிலியார் இங்கே 370ஆம் ஆண்டு ஆயரானார். அதற்குச் சற்று முன்பு இப்பகுதியைக் கொடும் பஞ்சம் தாக்கியபோது, களஞ்சியங்களைப் பூட்டி வைத்திருந்த செல்வர்களைக் கண்டித்துப் பேசி, பசித்தவர்களுக்கு உணவளித்தவர் அவர். நோயாளிகளுக்கும் ஏழைகளுக்குமாக நகருக்கு வெளியே ஒரு பெரிய இல்லத்தையும் நிறுவினார். அவருடைய தம்பி நிசா நகர்ப் புனித கிரகோரியார், நண்பர் நாசியான்சு நகர்ப் புனித கிரகோரியார், சகோதரி புனித மக்ரீனா ஆகியோரும் இந்த மண்ணின் மக்களே. நீசேயா நம்பிக்கை அறிக்கையில் தூய ஆவியாரைப் பற்றி நாம் சொல்லும் பகுதி 381ஆம் ஆண்டு கான்ஸ்டாண்டிநோபிள் பொதுச்சங்கத்தோடு இணைந்தது. அதற்கு வழிவகுத்ததில் இந்தக் கப்பதோக்கியத் தந்தையரின் பங்கு பெரிது.

டெரின்குயு: தரைக்குக் கீழே ஒரு நகரம்

காலை ஒன்பதரை மணியளவில் கோரெமே என்னும் சிற்றூரிலிருந்து வேனில் புறப்பட்டோம். முதல் நிறுத்தம் டெரின்குயு. துருக்கிய மொழியில் 'ஆழ்கிணறு' என்று பொருள். மேலே பார்த்தால் சாதாரண ஊர்தான். ஒரு சிறிய வாயில் வழியாகப் படியிறங்கத் தொடங்கினோம். வழி குறுகலானது, ஒருவர் பின் ஒருவராக, முதுகை வளைத்துத்தான் செல்ல வேண்டும். வெளியே வெயில் எப்படியிருந்தாலும் உள்ளே குளிர்ச்சிதான்.

இந்த நகரம் ஏறத்தாழ 85 மீட்டர் ஆழம் வரை செல்கிறது. இப்போது எட்டு அடுக்குகள் பார்வைக்குத் திறந்துள்ளன. மேல் அடுக்குகளில் கால்நடைத் தொழுவங்கள், திராட்சை பிழியும் தொட்டிகள், சமையற்கூடங்கள். கீழே செல்லச் செல்லத் தங்கும் அறைகள், தானியக் கிடங்குகள், வளைவான கூரையுடைய ஒரு நீண்ட கூடம், இன்னும் கீழே சிலுவை வடிவத்தில் குடையப்பட்ட ஓர் ஆலயம். 50 மீட்டருக்கும் மேல் ஆழமுள்ள காற்றுக்குழாய் ஒன்று எல்லா அடுக்குகளுக்கும் மூச்சுக் கொடுக்கிறது. 20,000 பேர் வரை இங்கே தங்கலாம் என்று சொல்வதுண்டு. அது மதிப்பீடுதான் என்று எங்கள் வழிகாட்டியே விளக்கினார்.

எங்களை நெடுநேரம் நிற்க வைத்தவை வட்டக் கல் கதவுகள். திரிகைக் கல்லைப் பெரிதாக்கிச் செங்குத்தாக நிறுத்தியது போன்றவை அவை. ஒரு பக்கத்துப் பள்ளத்தில் நிற்கும் கல்லை உருட்டி வழியை அடைத்துவிடுவார்கள். நடுவில் ஒரு துளை. வந்தவர் யாரென்று பார்க்கவும், தேவைப்பட்டால் ஈட்டியை நீட்டவும் அது உதவும். இந்தக் கதவை உள்ளேயிருந்து மட்டுமே மூட முடியும். உள்ளேயிருந்து மட்டுமே திறக்க முடியும்.

உரோமைப் பேரரசின் கலாபனைக்கு அஞ்சி முதல் கிறிஸ்தவர்கள் இங்கே மறைந்து வாழ்ந்தார்கள் என்று நம்மில் பலர் கேள்விப்பட்டிருப்போம். நடந்தது அவ்வளவு எளிய கதை அல்ல. முதல் அறைகள் கிறிஸ்தவத்துக்கும் முற்பட்டவை என்பது பல ஆய்வாளர்களின் கருத்து. இவ்வளவு பெரிய நகரமாக அது விரிந்தது பிசாந்தியப் பேரரசின் காலத்தில். 7ஆம் நூற்றாண்டிலிருந்து அரபுப் படைகள் எல்லையைத் தாண்டி அடிக்கடி வந்து போனபோது, ஊர் மக்கள் ஆடுமாடுகளோடும் தானியத்தோடும் கீழே இறங்கினார்கள். ஆபத்து நீங்கியதும் மேலே ஏறி வந்து மீண்டும் உழுதார்கள். இது நிரந்தர வீடு அல்ல, அடைக்கலம்.

அந்த அடைக்கலத்தின் தேவை நூற்றாண்டுகள் கடந்தும் தீரவில்லை. 1909ஆம் ஆண்டு அதானா நகரில் கிறிஸ்தவர்கள் படுகொலை செய்யப்பட்ட செய்தி எட்டியதும், இப்பகுதியின் ஆக்சோ என்னும் ஊரில் பெரும்பாலான மக்கள் இத்தகைய நிலவறைகளுக்குள் இறங்கி, சில இரவுகள் மேலே உறங்கத் துணியவில்லை. கிரேக்கப் பேச்சுவழக்குகளை ஆராய அப்பகுதிக்குச் சென்றிருந்த டாக்கின்ஸ் என்னும் ஆங்கிலேய மொழியறிஞர் இதைப் பதிவு செய்திருக்கிறார்.

மூன்றாம் அடுக்குக்கு இறங்கும் வழியில் எங்கள் குழுவிலிருந்த வயதான அம்மா ஒருவருக்கு மூச்சு அடைப்பதுபோல் ஆகிவிட்டது. எதிரே மேலேறி வரும் கூட்டம், திரும்பவும் இடமில்லை. வழிகாட்டி "தெய்சே, தெய்சே" என்று அழைத்து, அவர் கையைப் பிடித்து மெதுவாக மேலே கூட்டிச் சென்றார். தாயின் சகோதரியைத் துருக்கியர் அழைக்கும் சொல் அது. நாங்கள் திரும்பி வந்தபோது அந்த அம்மா கையில் செபமாலையோடு வெளியே நிழலில் உட்கார்ந்திருந்தார். "பத்து நிமிஷம் என்னால இருக்க முடியலை. கைப்பிள்ளையை வச்சுக்கிட்டு, அது அழுதா வெளியே கேட்டுடுமோன்னு எத்தனை ராத்திரி இருந்திருப்பாங்க அந்தத் தாய்மார்!" என்றார். நாங்கள் எட்டு அடுக்கு இறங்கிப் பார்த்ததைவிட அவர் அதிகம் பார்த்திருந்தார்.

நாற்பது ஆண்டு மறதி

இந்த நகரம் 1963ஆம் ஆண்டு 'கண்டுபிடிக்கப்பட்டது' என்று எழுதுகிறார்கள். ஒருவர் தம் வீட்டைப் புதுப்பித்தபோது சுவருக்குப் பின்னால் ஓர் அறையும், அதற்கப்பால் வழியும் தெரிந்தன. 1969ஆம் ஆண்டு பயணிகளுக்குத் திறக்கப்பட்டது. 1985ஆம் ஆண்டு கோரெமே பகுதியோடு சேர்ந்து யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னமானது.

ஆனால் 1923 வரை இவ்வூரில் கிரேக்கக் கிறிஸ்தவர்கள் வாழ்ந்தார்கள். அவர்களுக்கு இந்த நிலவறைகள் புதியவை அல்ல. அந்த ஆண்டு லோசான் நகரில் கையெழுத்தான உடன்படிக்கையின்படி, கிரேக்க நாட்டின் முஸ்லிம்களும் துருக்கியின் ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்களும் கட்டாயமாக இடம் மாற்றப்பட்டனர். ஏற்கெனவே போரில் ஓடிப்போனவர்களையும் சேர்த்து ஏறத்தாழ 12 இலட்சம் கிறிஸ்தவர்களும், ஏறத்தாழ 4 இலட்சம் முஸ்லிம்களும் பிறந்த மண்ணை இழந்தார்கள். மொழி கேட்கப்படவில்லை, மதம் மட்டுமே பார்க்கப்பட்டது. துருக்கிய மொழியைத் தவிர வேறு மொழி அறியாத கப்பதோக்கியக் கிறிஸ்தவர்களும் கிரேக்க நாட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். அறிந்தவர்கள் போய்விட்டார்கள், நாற்பதே ஆண்டுகளில் ஊர் தன் காலடியில் இருந்த நகரத்தை மறந்தது. 19ஆம் நூற்றாண்டில் அவர்கள் கட்டிய பெரிய ஆலயம் மட்டும் டெரின்குயுவில் இன்றும் நிற்கிறது.

அந்த ஆலயத்தைப் பார்த்துக்கொண்டு நின்றபோது வழிகாட்டி மெல்லச் சொன்னார்: அவருடைய தாத்தாவும் சிறுவனாக இருந்தபோது கிரேக்க நாட்டிலிருந்து அப்படி அனுப்பப்பட்டவர்தானாம், வீட்டைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு வந்தார்களாம். நம் ஆலயங்களின் இழப்பை மட்டுமே எண்ணிக்கொண்டிருந்த எங்களுக்கு, மறுபக்கத்திலும் ஒரு சாவி இருப்பது அப்போதுதான் உறைத்தது.

இஹ்லாரா: ஆறு அறுத்த பள்ளத்தாக்கு

டெரின்குயுவிலிருந்து மேற்கே செல்லும் வழியில் குசெல்யூர்ட் என்னும் ஊர் வருகிறது. பழைய பெயர் கர்வாலி. நாசியான்சு கிரகோரியாரின் பெயரால் இங்கிருந்த ஆலயம் இன்று பள்ளிவாசல். 1924ஆம் ஆண்டு இவ்வூர்க் கிறிஸ்தவர்கள் கிளம்பியபோது, தாங்கள் போற்றி வந்த கிரகோரியாரின் திருப்பண்டங்களைத் தூக்கிச் சென்றார்கள். கிரேக்க நாட்டில் கவாலா நகருக்கு அருகே அவர்கள் அமைத்த புதிய ஊருக்கு 'நெயா கர்வாலி', அதாவது 'புதிய கர்வாலி' என்றே பெயரிட்டார்கள். அங்கே அத்திருப்பண்டங்கள் இன்றும் வணங்கப்படுகின்றன. உரோமையில் பாதுகாக்கப்பட்டு வந்த அதே புனிதரின் திருப்பண்டங்களைப் புனித திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் 2004ஆம் ஆண்டு நவம்பரில் கான்ஸ்டாண்டிநோபிள் முதுபெரும் தந்தை முதலாம் பர்த்தலோமேயுவிடம் ஒப்படைத்ததை நம்மில் சிலர் நினைவில் வைத்திருக்கலாம்.

இஹ்லாரா பள்ளத்தாக்கின் விளிம்பில் நிற்கும்வரை அது இருப்பதே தெரியாது. வெட்டவெளியில் திடீரென நிலம் பிளந்து, 100 மீட்டருக்கும் மேல் ஆழத்தில் மெலெண்டிஸ் ஆறு ஓடுகிறது. ஹசன் எரிமலையின் பாறையை இந்தச் சிறிய ஆறே அறுத்தது. இஹ்லாராவிலிருந்து செலிமே வரை ஏறத்தாழ 14 கிலோமீட்டர். ஏறத்தாழ 400 படிகள் இறங்கினால், மேலே காய்ந்த நிலத்துக்கு மாறாகக் கீழே நிழலும், மரங்களும், நீரோசையும். இரு பக்கப் பாறைகளிலும் பல பத்து ஆலயங்களும் துறவியர் குகைகளும் உள்ளன.

படியின் அடியிலேயே இருப்பது 'மரத்தடி ஆலயம்'. அதன் குவிமாடத்தில் ஆண்டவரின் விண்ணேற்றமும், சுவரில் சிங்கங்களுக்கு நடுவே தானியேலும் தீட்டப்பட்டுள்ளன. ஆற்றைக் கடந்தால் 'பாம்பு ஆலயம்'. பாவம் செய்த பெண்களைப் பாம்புகள் கடிப்பதாக அங்கே ஓர் ஓவியம். அதனால் அந்தப் பெயர். பல ஓவியங்களில் புனிதர்களின் முகங்கள் சுரண்டப்பட்டிருக்கின்றன. வந்து போனவர்கள் தங்கள் பெயர்களையும் கீறி வைத்திருக்கிறார்கள். எல்லா மதத்தவரும் செய்த வேலை அது.

ஆற்றோரமாக மூன்று, நான்கு கிலோமீட்டர் நடந்து பெலிசிர்மா ஊரை அடைந்தோம். அருகில் செங்குத்தான பாறையில் புனித ஜார்ஜியார் ஆலயம் இருக்கிறது. ஏறுவது கடினம், கீழிருந்தே காட்டினார்கள். 1283க்கும் 1295க்கும் இடையில், நாடு செல்ஜுக் முஸ்லிம் சுல்தான்களின் ஆட்சியில் இருந்தபோது தீட்டப்பட்ட ஆலயம் அது. ஆலயத்தைப் புனிதருக்குக் காணிக்கையாக்கும் தாமார் என்னும் பெண்மணியும், தலைப்பாகை அணிந்த பசில் என்னும் கிறிஸ்தவ அதிகாரியும் ஓவியத்தில் உள்ளனர். கல்வெட்டிலோ முஸ்லிம் சுல்தான் மசூதின் பெயரும், கிறிஸ்தவப் பேரரசர் அந்திரோனிக்கசின் பெயரும் ஒன்றாக இடம்பெறுகின்றன. ஒளிந்து வாழ்ந்த நாட்கள் உண்மை. அயலாரோடு சேர்ந்து வாழ்ந்த நாட்களும் உண்மை.

ஆற்றங்கரையில் மதிய உணவு முடித்து, கடைசியாகச் செலிமே சென்றோம். தூண்வரிசைகளோடு குடையப்பட்ட பெரிய ஆலயமும், கூம்புக் கூரையுள்ள சமையற்கூடமும் அங்கே உண்டு. துறவு மடம் என்றே அழைக்கப்படுகிறது. செல்வர் ஒருவரின் மாளிகையாக இருந்திருக்கலாம் என்று அண்மைக்கால ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

செல்ல விரும்புவோருக்கு

மூச்சுத்திணறல், இதயநோய், மூட்டுவலி உள்ளவர்கள் டெரின்குயுவின் மேல் அடுக்கோடு நின்றுகொள்வது நல்லது. வழுக்காத காலணியும், தண்ணீரும், கோடையிலும் ஒரு மெல்லிய மேலாடையும் வேண்டும். கூட்டத்துக்கு முன்பாகக் காலையிலேயே நிலத்தடி நகருக்குச் சென்றுவிடுங்கள். ஓவியங்களைத் தொட வேண்டாம். ஒளிவீசிப் படமெடுக்கவும் வேண்டாம். பயணத்துக்கு முன்பு பேதுருவின் முதல் திருமுகத்தை ஒருமுறை முழுவதும் வாசித்துச் சென்றால் பயன் இரட்டிப்பாகும்.

சிந்தனைக்கு

கப்பதோக்கியாவின் இறைமக்களுக்கு எழுதிய அந்தத் திருமுகத்தில்தான் பேதுரு நம்மை 'உயிருள்ள கற்கள்' என்று அழைக்கிறார் (1 பேது 2:5). பாறையைக் குடைவதில் இணையற்ற ஒரு மக்களின் முன்னோருக்கு அந்தச் சொல் போய்ச் சேர்ந்ததை எண்ணி வியந்தோம். கல் அவர்களைக் காத்தது; ஆனால் அவர்கள் போனபின் கல்லுக்குத் தன் கதையைச் சொல்லத் தெரியவில்லை. நெயா கர்வாலிக்குப் போனவர்களோ ஒரு கல்லையும் எடுத்துச் செல்லவில்லை. நம்பிக்கையை எடுத்துச் சென்றார்கள்.

நம் பங்குகளிலும் ஆலயம் புதுப்பிக்கிறோம், கோபுரம் உயர்த்துகிறோம், பளிங்கு பதிக்கிறோம். நல்லதே. அந்த ஆலயத்துக்குள் ஞாயிறுதோறும் வந்து நிற்கும் முதியவரையும், வேலை தேடி ஊர்விட்டு வந்த புதியவரையும் நாம் பெயர் சொல்லி அறிவோமா? ஆபத்துக் காலத்தில் மூடிய கதவை ஆபத்து நீங்கிய பிறகும் மூடியே வைத்திருக்கிறோமா? அது உள்ளேயிருந்து திறக்க வேண்டிய கதவு.

மாலையில் வேன் திரும்பியபோது அந்த வயதான அம்மா முன்னிருக்கையில் வழிகாட்டியின் அருகே உட்கார்ந்திருந்தார். இறங்கும்போது அவர் தலையில் கைவைத்து ஆசி கூறினார். மொழி புரியாவிட்டாலும் அவர் தலை தாழ்த்தி அதை ஏற்றுக்கொண்டார்.