வல்லத்துக்காரரின் 73

வருஷா வருஷம் சாரல் நேரத்தில் ஏரலிலிருந்து குற்றாலம் போய்க் குளித்துவிட்டு வருவோம். அதன் பக்கத்து ஊரான வல்லத்தில் 1901-ல் பிறந்த எஸ்.எஸ்.பிள்ளையைப் பற்றி, கணக்கு வாத்தியாரான எனக்கே ஓய்வு பெற்ற பிறகுதான் தெரியும். வகுப்பில் ஒரு நாளும் அவர் பெயரைச் சொன்னதில்லை.

703-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ஆறாம் அடுக்கு எண்களை (1, 64, 729...) மட்டும் கூட்டி அதைக் கொண்டுவர வேண்டும். 729 பெரிது, ஆகாது. 64-ஐப் பத்து தடவை போட்டால் 640. மீதிக்கு 63 ஒன்றுகள். ஆக 73 எண்கள். கோடானுகோடியாக எவ்வளவு பெரிய முழு எண்ணானாலும் 73-க்கு மேல் தேவைப்படாது என்று 1940-ல் நிரூபித்தார் பிள்ளை. அப்போது அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளர். 1770-ல் வேரிங் என்ற ஆங்கிலேயர் கிளப்பிவிட்ட கேள்வி அது. ஐந்தாம் அடுக்குக்கு 1964-ல்தான் விடை வந்தது. நாலாம் அடுக்குக்கு 1986-ல்! சின்ன அடுக்குதான் அதிகம் படுத்தியிருக்கிறது.

பள்ளி இறுதியாண்டில் தகப்பனாரை இழந்த அவரைப் பண உதவி செய்து படிக்கவைத்தவர் சாஸ்திரியார் என்ற ஆசிரியர். அதை வாசித்தபோது எனக்குக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது.

1950 ஆகஸ்ட் 31-ல், அமெரிக்காவில் நடந்த உலகக் கணித மாநாட்டுக்குப் போகும் வழியில், எகிப்தில் விமானம் விழுந்து இறந்துபோனார். வயது 49.