பேரு மாறினா டீம் மாறுமா? எஸ்போ பெண்கள் ஐஸ் ஹாக்கி டீமோட கதை

இந்த எபிசோடு ஒரு பக்-ல இருந்து ஆரம்பிக்குது. என் கோடுல இருந்த பக்தான்.

போன மாசம் ஒரு சனிக்கிழமை, புதுசா ஒரு சார்ட் லைப்ரரி கத்துக்கலாம்னு உட்கார்ந்தேன். ஆபீஸ் டேட்டாவை வச்சுக் கத்துக்கிட்டா தூக்கம்தான் வரும். அதனால ஃபின்லாந்து பெண்கள் ஐஸ் ஹாக்கி லீக்ல எந்தெந்த வருஷம் யார் சாம்பியன்ங்கிற பட்டியலை எடுத்தேன். ஏன் ஃபின்லாந்து? என் காலேஜ் ஜூனியர் ஒருத்தி அங்க எம்.எஸ். படிக்கிறா. அவ அனுப்புற பனி போட்டோவா பார்த்துப் பார்த்து வந்த வினை.

டீம் பேரை வச்சு குரூப் பண்ணி, எண்ணி, ஒரு பார் சார்ட் போட்டேன். எஸ்போ ப்ளூஸ் உச்சத்துல நிக்குது. அடுத்து இல்வெஸ். கீழ ஒரு ஓரத்துல குட்டியா கியெக்கோ-எஸ்போ. பெருமையா அவளுக்கு அனுப்பினேன். ஒரு நிமிஷம்கூட ஆகல, பதில் வந்துச்சு: "அண்ணா, ப்ளூஸும் கியெக்கோ-எஸ்போவும் ஒரே டீம். நடுவுல யுனைடெட்னு இன்னொரு பேரும் இருந்துச்சு."

ஒரு டீமுக்கு ஏன் இத்தனை பேரு? அதைத் தேடிப் போனதுதான் இந்தக் கதை.

முதல்ல இடத்தைச் சொல்லிடறேன். எஸ்போ, தலைநகர் ஹெல்சின்கிக்கு மேற்கே ஒட்டியே இருக்கிற ஊர். நம்ம வீட்டுல எல்லாரும் ஒரு காலத்துல வச்சிருந்த நோக்கியா போனுக்குத் தலைமையகம் இருக்கிறது அங்கதான். ஸ்ரீபெரும்புதூர்ல 2014-ல நோக்கியா ஃபேக்டரியை மூடினப்போ அந்த முடிவுகள் எந்த ஊர்ல இருந்து வந்துச்சுன்னு யோசிச்சிருந்தீங்கன்னா, இந்த ஊர்தான். பெரிய ஊரு, பணம் இருக்கிற ஊரு. ஆனா பக்கத்துலயே ஹெல்சின்கி இருக்கிறதால எப்பவும் 'பக்கத்து ஊரு'ங்கிற நினைப்புலயே இருக்கிற ஊரு.

அங்க 1984-ல ஒரு ஐஸ் ஹாக்கி கிளப் ஆரம்பிக்கிறாங்க. பேரு கியெக்கோ-எஸ்போ. 'கியெக்கோ'ன்னா வட்டு. நம்ம ஊர் ஹாக்கியில பந்து மாதிரி, ஐஸ் ஹாக்கியில ஒரு ரப்பர் வட்டு. அதைத்தான் பக்-னு சொல்றாங்க (நான் மொதல்ல சொன்ன பக் வேற). கோல்கீப்பரோட சேர்த்து ஒரு பக்கம் ஆறு பேர், இருபது நிமிஷமா மூணு பீரியட். ஆட்டம் இவ்வளவுதான்.

கிளப்போட ஆண்கள் டீம் 1992-ல நாட்டோட முதல் நிலை லீக்குக்கு வந்துட்டாங்க. 1998-ல மார்க்கெட்டிங் காத்து அடிச்சுது, கிளப் பேரு 'எஸ்போ ப்ளூஸ்'னு மாறுச்சு. ஆண்கள் டீம் ப்ளூஸ் ஆனா பெண்கள் டீமும் ப்ளூஸ். ஒரு சின்ன வித்தியாசம் உண்டு. ஆண்கள் டீம் வெறும் 'ப்ளூஸ்'. பெண்கள் டீம் பேருக்குப் பின்னாடி 'நைசெத்'னு ஒரு வார்த்தை ஒட்டியிருக்கும். 'பெண்கள்'னு அர்த்தம். லீக்கும் அப்படியே. ஆண்களோடது 'லீகா', அதாவது லீக். பெண்களோடது பின்னாள்ல 'நைஸ்டன் லீகா', பெண்களின் லீக். இந்தப் பேரை ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னாடி வரும்.

பெண்கள் லீக் எஸ்போவுல பிறந்தது இல்ல. அது 1982-83 சீசன்லயே தொடங்கிடுச்சு. முதல் சாம்பியன் எச்ஜேகே. ஃபுட்பால் பார்க்கிறவங்களுக்குத் தெரிஞ்ச பேருதான், ஹெல்சின்கியோட பெரிய ஃபுட்பால் கிளப். ஒரு ஃபுட்பால் கிளப்தான் பெண்கள் ஐஸ் ஹாக்கியில முதல் கோப்பையைத் தூக்கியிருக்கு! அப்புறம் தம்பெரே நகரத்து இல்வெஸோட காலம். 1980-களோட நடுவுல இருந்து 90-களோட தொடக்கம் வரைக்கும் அவங்க ஆட்சிதான். 1990-ல கனடாவுல முதல் பெண்கள் உலக சாம்பியன்ஷிப் நடந்தப்போ ஃபின்லாந்து வெண்கலம் வாங்குச்சு. 1998-ல நாகனோவுல பெண்கள் ஐஸ் ஹாக்கி முதல் முறையா ஒலிம்பிக்ஸ்ல வந்தப்பவும் வெண்கலம்.

நாகனோவுக்கு அடுத்த சீசன்ல இருந்துதான் எஸ்போவோட காலம். 1999-ல ப்ளூஸ் பெண்கள் சாம்பியன். 2000-லயும். 2001-லயும். 2005 வரைக்கும் நிறுத்தவே இல்ல, தொடர்ந்து ஏழு தடவை. 2006-ல இல்வெஸ் குறுக்க வந்து ஒரு கோப்பையைப் பறிச்சாங்க. 2007, 2008, 2009-ல மறுபடியும் ப்ளூஸ்.

இதே காலத்துல ஆண்கள் டீம் என்ன பண்ணிட்டிருந்தாங்க? 2008-ல ஃபைனல் வந்தாங்க, ஓவ்லு நகரத்து கார்பாட்கிட்ட தோத்தாங்க. 2011-ல ஃபைனல் வந்தாங்க, ஹெல்சின்கி டீம் எச்ஐஎஃப்கேகிட்ட தோத்தாங்க. ப்ளூஸ்ங்கிற பேருல ஆண்கள் டீம் ஒரு தடவைகூட லீகா சாம்பியன் ஆகல. அவங்களைக் கிண்டல் பண்றதுக்காக இதைச் சொல்லல. ரெண்டு வெள்ளியே சாதனைதான். ஆனா சுமார் 7000 பேர் உட்காரக்கூடிய பெரிய அரங்கம், ஸ்பான்சர், டிவி எல்லாம் அவங்களுக்கு. ஏழு வருஷம் தொடர்ந்து ஜெயிச்ச பெண்கள் டீமோட வழக்கமான இடம், தபியோலாவுல அந்தப் பெரிய அரங்கத்துக்குப் பக்கத்துல இருக்கிற பயிற்சி அரங்கம்.

இந்த டீம்ல இருந்து வந்தவங்களைப் பார்த்தா டீமோட கனம் புரியும். எம்மா டெர்ஹோ, தடுப்பாட்டக்காரர். 1998-ல இருந்து 2014 வரைக்கும் அஞ்சு ஒலிம்பிக்ஸ். தேசிய அணிக்குக் கேப்டன். 2021-ல சர்வதேச ஒலிம்பிக் கமிட்டியோட வீரர்கள் ஆணையத்துக்குத் தலைவர் ஆனாங்க. உலகத்துல இருக்கிற எல்லா ஒலிம்பிக் வீரர்களுக்காகவும் பேசுற நாற்காலி அது.

அடுத்து நோரா ராட்டி. எஸ்போவுலயே பிறந்த பொண்ணு, கோல்கீப்பர். 16 வயசுல 2006 டூரின் ஒலிம்பிக்ஸ்ல ஆடினாங்க. ப்ளூஸ்ல ஆடிட்டு 2009-ல அமெரிக்காவுல மினசோட்டா யுனிவர்சிட்டிக்குப் போனாங்க. 2012-13 சீசன்ல அந்த டீம் 41 ஆட்டம் ஆடி 41-லயும் ஜெயிச்சுது. இதுக்கு மேல ஒரு கோல்கீப்பர் நிரூபிக்க என்ன இருக்கு? ஆனா 2014 சோச்சி ஒலிம்பிக்ஸ் முடிஞ்ச உடனே, பெண்கள் ஹாக்கியில இருந்து விலகுறதா அறிவிச்சாங்க. காரணம் ரொம்ப எளிமை. ஒரு பெண்ணுக்கு இதுல சாப்பாட்டுக்கு வழி இல்ல. முழுநேர வேலைக்கும் போய்க்கிட்டு, உலகத்தோட முதல் தர வீராங்கனை மாதிரி பயிற்சியும் பண்றதுன்னா அது நடக்கிற காரியமா? அதே வருஷம் கியெக்கோ-வன்டாங்கிற ஆண்கள் டீமோட ஒப்பந்தம் போட்டு, ஆண்களோட இரண்டாம் நிலை லீக்ல ஆடப் போனாங்க. தேசிய அணியில அவங்க அத்தியாயம் அப்போ முடியல, அதுக்கு வர்றேன்.

இப்ப 2016. என் பக்குக்கான விடை இங்கதான் இருக்கு.

ஃபின்லாந்துல பெரிய ஆண்கள் டீமை நடத்துறது ஒரு லிமிடெட் கம்பெனி. அதுக்குக் கீழயோ பக்கத்துலயோ ஜூனியர் பசங்க பொண்ணுங்களை வளர்க்கிறது, சங்கம் மாதிரி பதிவு பண்ண ஒரு அமைப்பு. பேரும் லோகோவும் ஜெர்ஸியும் ஒண்ணுதான், பணப்பை வேற வேற. 2016 வசந்த காலத்துல ப்ளூஸ் கம்பெனி திவால் ஆகுது. ஆண்கள் டீம் காணாமப் போச்சு.

பெண்கள் டீம்? அதுக்கு முந்தின வருஷம், 2015-ல, அவங்க சாம்பியன்! ஆனாலும் குடை மடங்கினா கீழ நிக்கிற எல்லாரும்தானே நனையணும். அப்போ 'எஸ்போ யுனைடெட்'னு ஒரு புது பிராண்ட் வருது. ஆண்கள் ஹாக்கி இரண்டாம் நிலை லீக்ல, அதோட ஆண்கள் பெண்கள் பாஸ்கெட்பால், எல்லாத்தையும் ஒரே பேருக்குக் கீழ கொண்டு வர்ற திட்டம். பெண்கள் ஹாக்கி டீமும் அதுக்குள்ள போச்சு. லீக்ல இடம் அதே இடம், ஜெர்ஸி மட்டும் புதுசு.

ரெண்டு வருஷம். 2018 வசந்தத்துல யுனைடெட்டும் திவால்.

இந்த இடத்துல எனக்குப் பழைய வேலை ஒண்ணு ஞாபகம் வந்துச்சு. ஒரு கம்பெனியில எங்க மேல இருந்த ப்ராடக்டை மூடினாங்க. எங்க டீம் நல்லா ஓடிட்டிருந்த டீம்தான், ஆனாலும் ஒன்றரை வருஷத்துல மூணு பேரு மாறுச்சு. ஒவ்வொரு தடவையும் 'நீங்க என்ன பண்றீங்க'ன்னு முதல்ல இருந்து ஸ்லைடு போட்டு விளக்கணும். முந்தின பேருல செஞ்ச வேலை யார் கணக்குலயும் வராது. எங்களுக்கு மாசம் பொறந்தா சம்பளமாவது வந்துச்சு. எஸ்போ பொண்ணுங்கள்ல பெரும்பாலானவங்க வேலைக்கோ காலேஜுக்கோ போயிட்டு சாயங்காலம் பயிற்சிக்கு வந்தவங்க. இவ்வளவு குழப்பத்துல 'போதும்பா'ன்னு கலைஞ்சு போயிருந்தா யாரும் குத்தம் சொல்லியிருக்க முடியாது. நல்ல ஆட்டக்காரங்களுக்கு ஸ்வீடன் லீக் கதவு வேற திறந்தே இருந்துச்சு.

கலையல. ஜூனியர் அமைப்போட கைக்கு டீம் வந்துச்சு, பழைய ப்ளூஸ் பேரோட 2018-19 சீசன் ஆடினாங்க. எதிர்ல கார்பாட், முந்தின ரெண்டு வருஷமும் சாம்பியன். 2019-ல கோப்பை எஸ்போவுக்கு. திவாலான அடுத்த சீசன்லயே!

சில வாரம்தான் இடைவெளி. 2019 ஏப்ரல்ல பெண்கள் உலக சாம்பியன்ஷிப் எஸ்போவுலயே நடக்குது, தபியோலாவுல இருக்கிற அதே பெரிய அரங்கத்துல. அதுவரைக்கும் நடந்த ஒவ்வொரு உலக சாம்பியன்ஷிப் ஃபைனலும் அமெரிக்கா எதிர் கனடாதான். செமி ஃபைனல்ல ஃபின்லாந்து கனடாவை 4-2-ன்னு சாய்ச்சுது. ஃபைனல்ல அமெரிக்கா. ஃபின்லாந்து கோல்ல யாரு? ஊர்ப் பொண்ணு நோரா ராட்டி.

மூணு பீரியட் முடிஞ்சு 1-1. ஓவர்டைம்ல முதல் கோல் போட்டவங்க ஜெயிச்சாங்க. பெட்ரா நியெமினன் வட்டை உள்ள தள்ளுறாங்க. கையுறை, ஹெல்மெட் எல்லாம் காத்துல பறக்குது, ஐஸ் மேல ஒருத்தர் மேல ஒருத்தர் விழுந்து கொண்டாடுறாங்க, அரங்கமே அதிருது. அப்புறம் நடுவர்கள் வீடியோ பார்க்கப் போறாங்க. பார்க்கிறாங்க, பார்த்துக்கிட்டே இருக்கிறாங்க. கோல்கீப்பருக்கு இடைஞ்சல் பண்ணாங்கன்னு கோல் ரத்து. ஷூட்அவுட்ல அமெரிக்கா ஜெயிச்சுது, 2-1. அந்தப் போட்டித் தொடரோட சிறந்த கோல்கீப்பர் விருது ராட்டிக்கு. வீடியோவை நான் நாலு தடவை பார்த்துட்டேன், எனக்கு அது கோல்தான். நீங்களும் பார்த்துட்டு கமென்ட்ல வந்து சண்டை போடுங்க.

அந்த வருஷமே கிளப் தன்னோட 1984 பேருக்குத் திரும்புச்சு, கியெக்கோ-எஸ்போ. அந்தப் பேருல 2020-ல கோப்பைக்கான வாய்ப்பு இருந்தப்போ கொரோனா வந்து லீக்கையே பாதியில நிறுத்திடுச்சு. 2021-ல சாம்பியன், 2022-ல மறுபடியும். 2023-ல பக்கத்து ஊரு எச்ஐஎஃப்கே வந்து அந்த வரிசையை உடைச்சாங்க.

2024-ல ரெண்டு விஷயம் நடந்துச்சு. ஒண்ணு, லீக்கோட பேரு மாறுச்சு. 'நைஸ்டன் லீகா'வுல இருந்த 'பெண்களின்' போச்சு, இப்ப 'அரோராலீகா'. கோப்பைக்கு வடதுருவ ஒளியோட பேருதான், அரோரா போரியாலிஸ் கப். லீக்கும் அதையே எடுத்துக்கிச்சு. இத்தனை பேர் மாற்றம் சொன்னேன்ல, எனக்குப் பிடிச்சது இது ஒண்ணுதான்.

ரெண்டாவது, கீழ் அடுக்குகள்ல இருந்து திரும்ப ஏறி வந்த கியெக்கோ-எஸ்போ ஆண்கள் டீமுக்கு 2024-25 சீசன்ல லீகாவுல இடம் கிடைச்சுது. எட்டு வருஷம் கழிச்சு எஸ்போ மறுபடியும் முதல் நிலை ஹாக்கிக்கு வந்துடுச்சுன்னு கொண்டாட்டம். ஜூனியர்கிட்ட இதைச் சொன்னேன். அவ கேட்டா, "திரும்ப வந்துச்சா? எப்போண்ணா போச்சு?"

என் சார்ட்டைத் திருத்திட்டேன். டீம் பேருக்குப் பதிலா ஒவ்வொரு டீமுக்கும் ஒரு ஐடி கொடுத்தேன், பேரை வெறும் லேபிளா வச்சுக்கிட்டேன். எஸ்போவோட பார் இப்ப ஸ்கிரீனோட மேல் விளிம்பைத் தொடுது. அடுத்த எபிசோடுல பார்ப்போம்.